அடிபட்டு வந்த பெண்ணை அலைய விடாமல் உதவ முடியுமா?

கேள்வி கேட்டவர் அம்பாசமுத்திரம் (அம்பை) பக்கத்தில் ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவின் தலைவி. அவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். குழுவில் பீடி சுற்றும் ஒரு பெண்ணைக் கணவன் அடித்து, ராத்திரி இரண்டு பிள்ளைகளோடு வெளியே தள்ளிவிட்டான். குழுவினர் இரண்டு நாள் அவரைக் கூட்டிக்கொண்டு ஊர் காவல் நிலையம், மகளிர் காவல் நிலையம், அரசு ஆஸ்பத்திரி, ஒரு வக்கீல் வீடு, கடைசியில் ஆட்சியர் அலுவலகம் என்று ஐந்து இடம் அலைந்திருக்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பெண் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு இடத்திலும் வேறோர் இடத்தைக் கை காட்டினார்கள். மூன்றாம் நாள் "போதும்க்கா" என்று சொல்லிவிட்டுக் கணவன் வீட்டுக்கே திரும்பிவிட்டார். "எல்லா உதவியும் ஒரே இடத்தில் கிடைக்கிற மாதிரி எங்கள் ஒன்றியத்தில் ஒரு மையம் தொடங்க முடியுமா, அதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?" என்பது அவருடைய கேள்வி.

நீங்கள் மையம் என்று கேட்டிருந்தாலும், அந்தப் பெண் மூன்றாம் நாள் ஏன் களைத்துப்போனார், அடுத்த முறை அவரோ இன்னொருவரோ அப்படிக் களைத்துப்போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் உங்கள் மனதை அரிக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன். நான் சமூகப் பணி படித்துவிட்டு, பாளையங்கோட்டையில் ஒரு தொண்டு அமைப்பில் 22 ஆண்டுகள் இதே வேலையைப் பார்த்தவள். வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. சட்டத்தைப் பற்றிச் சொல்வது படித்ததும் கோர்ட் வராந்தாவில் நின்று கற்றுக்கொண்டதும்தான். ஒரு குறிப்பிட்ட வழக்குக்கு எது பொருந்தும் என்பதை வக்கீலைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

புதிதாக மையம் எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது. ஒருங்கிணைந்த சேவை மையம் என்ற பெயரில் மத்திய அரசுத் திட்டம் 2015 ஏப்ரல் 1 முதல் நடக்கிறது. சகி என்றும் சொல்வார்கள். மருத்துவ உதவி, போலீஸ் உதவி, சட்ட உதவி, ஆலோசனை, சில நாள் தங்க இடம் எல்லாம் ஒரு கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். மாவட்டத் தலைநகரில் அது இருக்கிறது. பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைத்தால் இணைத்துவிடுவார்கள். ஆனால் அம்பையிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 35 கிலோமீட்டர். ராத்திரி பத்து மணிக்குத் தெருவில் நிற்கிற பெண்ணுக்கு அந்தக் கூரை எட்டாது. அந்த மையத்துக்கும் உங்கள் தெருவுக்கும் நடுவே இருக்கிற தூரத்தைக் கூடவே வந்து கடக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை நீங்கள் உருவாக்கலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இதைச் சட்டமே யோசித்து வைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒரு பதவி உண்டு. நம் மாநிலத்தில் சமூக நலத் துறையின் கீழ் வருகிறது. பெண் சொல்வதைக் கேட்டு, குடும்ப நிகழ்வு அறிக்கை என்ற படிவத்தில் அவர் எழுத வேண்டும். அதை மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். நகலைக் காவல் நிலையத்துக்கும் அந்தப் பகுதியில் சேவை தரும் பதிவு பெற்ற அமைப்புகளுக்கும் அனுப்ப வேண்டும். அதாவது பெண் ஒருமுறை சொன்னால் போதும், மற்ற இடங்களுக்குக் காகிதம் போகும் என்பதுதான் ஏற்பாடு. உங்கள் விஷயத்தில் காகிதம் ஓரிடத்திலேயே இருந்துவிட, அந்தப் பெண் ஐந்து இடத்துக்கும் நடந்திருக்கிறார்.

இன்னொன்று. அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, ஒரு பெண்ணுக்கு வன்முறை நடக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் இருக்கும் யாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது. "நாங்க யாரு போய்ச் சொல்ல, நாளைக்கு எங்க மேலேயே கேஸ் போட்டா?" என்று உங்கள் குழுவில் யாராவது தயங்கினால் இதைச் சொல்லுங்கள். ஆனால் கணவனோ அவன் வீட்டாரோ செய்யும் கொடுமைக்கான கிரிமினல் பிரிவு வேறு. முன்பு 498ஏ என்று எல்லோருக்கும் தெரிந்த அது, 2024 ஜூலை 1 முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு. அதில் கோர்ட் உத்தரவு இல்லாமலே போலீஸ் வழக்குப் பதிய வேண்டுமென்றால், புகார் அந்தப் பெண்ணிடமிருந்தோ அவருடைய உறவினரிடமிருந்தோ வர வேண்டும். குழுத் தலைவி என்ற முறையில் நீங்கள் மனு எழுதிக் கொடுத்து, அதை ஸ்டேஷனில் ஓரமாக வைத்திருந்தால், இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இந்த 'ஒருங்கிணைப்பு' எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நமக்குப் பாடம் இருக்கிறது. 1981-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் துலூத் என்ற நகரத்தில், போலீஸ், கோர்ட், பெண்கள் தங்குமிடம் எல்லோரும் ஒரே நடைமுறைக்கு ஒத்துக்கொண்டு இதைத் தொடங்கினார்கள். 2003-இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரத்தில், உயிருக்கு ஆபத்து அதிகமுள்ள பெண்களைப் பற்றி மட்டும் எல்லாத் துறையினரும் அவ்வப்போது ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் வழக்கம் ஆரம்பித்தது. நம் நாட்டில் 2000-களின் தொடக்கத்தில் மும்பை பாந்த்ராவில் உள்ள மாநகராட்சி ஆஸ்பத்திரியில் 'திலாசா' என்ற பெயரில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே உதவி மையம் வந்தது. காயத்துக்கு மருந்து போட வரும் பெண்ணை அங்கேயே உட்காரவைத்துப் பேச வேண்டும் என்பது அதன் யோசனை. இந்த மூன்றிலும் ஏற்கெனவே இருக்கிற ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு வழி செய்தார்கள். உங்கள் ஒன்றியத்திலும் அதுதான் வேண்டும்.

சரி, ஒரு பெண் வந்து நிற்கிறார். முதலில் எங்கே கூட்டிப்போவது என்று யோசிக்கும் முன்பு, அவரைத் தனியாக உட்காரவைத்துச் சில கேள்விகள் கேட்க வேண்டும். கழுத்தை நெரித்தானா? கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறானா, எதை வைத்துச் சொன்னான்? அடி சமீபத்தில் அதிகமாகியிருக்கிறதா? நீ கர்ப்பமா? பிள்ளைகளை அடிக்கிறானா? நீ விட்டுப் போகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டாயா? இவற்றை வரிசையாக விசாரணை போலக் கேட்கக் கூடாது. பேச்சோடு பேச்சாகக் கேட்க வேண்டும். கழுத்தை நெரித்தது ஒரு தடவைதான் என்றாலும் அதைச் சாதாரண அடியோடு சேர்க்காதீர்கள். ஒருமுறை நெரித்தவன் பின்னால் உயிரை எடுக்கும் அபாயம் பல மடங்கு என்று ஆராய்ச்சிகள் உறுதியாகச் சொல்கின்றன. வெளியே காயமே தெரியாமல் இருக்கும். குரல் கம்மினாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, கொஞ்ச நேரம் நினைவு தப்பியிருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. வீக்கம் சில மணி நேரம் கழித்தும் வரலாம். அதேபோல, பெண் வீட்டைவிட்டுக் கிளம்புகிற நேரமும் கிளம்பிய பிறகு வரும் முதல் சில வாரங்களும்தான் மிக ஆபத்தானவை. "வெளியே வந்துட்டா, இனி பயமில்லை" என்று நாம் மூச்சு விடுகிற நேரம் அது. என் அனுபவத்தில் ஒரு பெண்ணை அந்த முதல் வாரத்தில்தான் இழந்தோம். தாய் வீட்டில் பத்திரமாக இருக்கிறாள் என்று நம்பி நான் இரண்டு நாள் போன் செய்யவில்லை. அதற்குப் பிறகு முதல் மாதம் முழுவதும் தினமும் பேசுவது என்று வைத்துக்கொண்டேன்.

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று நினைப்பது தவறு; கேட்டால் பாரம் குறைகிறது. அப்படித் தோன்றுகிறது என்றால் அன்றைக்கு அவரைத் தனியாக விடக் கூடாது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

ஆஸ்பத்திரியைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அங்கே எழுதுகிற ஒரு வரிதான் அடிப்படை. அடிபட்டு வருபவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது விபத்துப் பதிவேட்டில் பதிவு போடுவார்கள். அம்பை ஆஸ்பத்திரியானாலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியானாலும் இதே முறைதான். பெண்கள் பெரும்பாலும் "வழுக்கி விழுந்துட்டேன்" என்பார்கள். பக்கத்தில் மாமியாரோ கணவனோ நிற்பார்கள், வேறென்ன சொல்ல முடியும்? கூடப் போகிறவரின் முதல் வேலை அவர்களை வெளியே நிறுத்துவது. "டாக்டர் தனியாப் பார்க்கணுமாம்" என்று சொன்னால் போதும். பிறகு டாக்டரிடம் அந்தப் பெண்ணே, யார் அடித்தது, எதனால் அடித்தது, எத்தனை மணிக்கு என்று சொல்ல வேண்டும். நீங்கள் அவருக்காகப் பேசக் கூடாது. ஏ.ஆர். எண்ணையும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கோர்ட்டில் கேட்கும்போது அந்த எண் இல்லாமல் பதிவைத் தேடி எடுப்பது பெரும்பாடு. ஒரு பெண் மூன்று தடவை மூன்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். மூன்று இடத்திலும் 'கீழே விழுந்ததால்' என்றே இருந்தது. நாலாவது தடவை கையில் எலும்பு முறிவு. எதிர்த்தரப்பு வக்கீல் முந்தைய மூன்று சீட்டையும் காட்டி, இவருக்கு அடிக்கடி விழும் பழக்கம் உண்டு என்று வாதாடினார்.

போலீஸ். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. அதனால் பெண்கள் வாசலேறும் தயக்கம் குறைந்தது என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அதோடு ஒரு பழக்கமும் வந்துவிட்டது: வருகிற மனுவையெல்லாம் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு, பேசி, எழுதி வாங்கி அனுப்பிவிடுவது. சில குடும்பங்களுக்கு அது உதவியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உயிருக்குப் பயந்து வந்தவரை, அடித்தவனுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்து 'உன் தரப்பைச் சொல்லு' என்றால் அவர் என்ன சொல்வார்? முதலில் நான் சொன்ன கேள்விகளுக்கு ஆபத்தான பதில் வந்திருந்தால், சமரசப் பேச்சு வேண்டாம் என்று எழுத்திலேயே கேளுங்கள். எதுவானாலும் மனு ஏற்பு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர். வாங்காமல் வெளியே வராதீர்கள். 'எங்க எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்புவதும் முறையில்லை. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவலைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று, குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. நம் பக்கத்தில் இது அடிக்கடி வரும் சிக்கல். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதிலிருந்து, ஆலங்குளத்தில் வாக்கப்பட்டு முக்கூடலில் தாய் வீடு இருக்கிற பெண்ணுக்கு இரண்டு மாவட்டம், இரண்டு பாதுகாப்பு அலுவலர். நடுவில் அவர் பந்துபோல உருள்கிறார். கோர்ட் விஷயத்தில் குழப்பமே இல்லை: பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். கணவன் மும்பையில் கடை வைத்திருந்தாலும் முக்கூடலில் தங்கியிருப்பவர் இங்கேயே போடலாம்.

கோர்ட் என்றதும் உங்கள் குழுவில் இருப்பவர்கள் பயந்துபோயிருப்பார்கள். "அவரை ஜெயில்ல போடணும்னு நான் சொல்லல, அடிக்காம இருந்தா போதும்" என்றுதான் பத்தில் எட்டுப் பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொல்பவர்களுக்குத்தான் 2005-ஆம் ஆண்டுச் சட்டம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடந்தாலும், அதில் கேட்பது தண்டனை இல்லை. அடிக்கக் கூடாது என்ற உத்தரவு, வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்ற உத்தரவு, செலவுக்குப் பணம், பிள்ளைகள் தற்காலிகமாக யாரிடம் இருப்பது, நகையும் சீர்ச் சாமானும் திரும்பக் கிடைப்பது. அவசரமென்றால் எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு தரலாம். அடிக்கக் கூடாது என்பது போன்ற பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் அது குற்றம்: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதுகாப்பு அலுவலரின் அறிக்கை இல்லாமலே நேரடியாக மனுப் போடலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் அறிக்கை இருந்தால் வேலை சுலபம். மூன்று நாளில் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நான் பார்த்த வழக்குகளில் 60 நாளில் முடிந்ததை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அந்தப் பெண்ணிடம் 60 நாள் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இடைக்கால உத்தரவை முதலில் கேளுங்கள். வக்கீலுக்குப் பணம் தேவையில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-ஐ அழைக்கலாம், அல்லது கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் குழுவிடம் போகலாம்.

தங்குமிடம் விஷயத்தில் ஒன்றை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சேவை மையத்தில் சாதாரணமாக ஐந்து நாள் வரைதான். அதற்கு மேல் தங்க சக்தி சதன், சேவை இல்லம் போன்றவை உண்டு. ஆனால் கூட வரும் ஆண் பிள்ளைக்கு வயது வரம்பு வைத்திருப்பார்கள். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பையன் இருந்தால், 'அவனை எங்கே விட' என்ற ஒரே காரணத்துக்காக அம்மா திரும்பிப் போய்விடுவார். குழந்தைகள் உதவி எண்ணான 1098-இல் பேசி, குழந்தைகள் நலக் குழு மூலம் பையனுக்கு இடம் பார்த்த பிறகே அம்மாவிடம் தங்குமிடத்தைப் பற்றிப் பேச வேண்டும். வரிசை மாறினால் எல்லாம் கெட்டுவிடும்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. அந்தப் பெண்ணின் காகிதமும் போனும் யார் கையில் இருக்கிறது? பீடிக் கடைப் பாஸ்புத்தகம், பி.எஃப். விவரம், ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, நகை அடகு வைத்த சீட்டு. ஆதாரிலும் வங்கியிலும் கொடுத்த போன் எண் கணவனுடையது என்றால், அவர் எங்கே பணம் எடுத்தாலும் அவனுக்குக் குறுஞ்செய்தி போகும். மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் வந்ததும் அவனுக்குத் தெரியும், எந்த ஊர் ஏ.டி.எம்.மில் எடுத்தார் என்பதும் தெரியும். பாளையங்கோட்டையில் ஒளித்து வைத்திருந்த ஒரு பெண்ணை அவருடைய கணவன் இப்படித்தான் கண்டுபிடித்து வாசலில் வந்து நின்றான். அதனால் புது எண் வாங்கி, வங்கியிலும் ஆதாரிலும் மாற்றுவதுவரை பணம் எடுக்கும் இடத்தை யோசிக்க வேண்டும். பஸ் செலவுகூட முக்கியம். அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு வேண்டாம், ஆனால் எல்லா பஸ்ஸும் டவுன் பஸ் இல்லை. குழுவில் ஐநூறு ரூபாய் தனியாக எடுத்து வைத்து, கணக்குக் கேட்காமல் கொடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள்.

உங்கள் குழுவைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டும், வருத்தப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அந்தப் பெண் பெயரில் குழுக் கடன் இருக்கிறதா? பல வீடுகளில் கடன் பெண் பெயரில், செலவு கணவன் கையில். அவர் வெளியேறினால் தவணை நின்றுவிடும், அப்போது வசூலுக்குப் போய் நிற்பவர்கள் நீங்கள்தான். "குழுவுக்கு என்ன பதில் சொல்ல" என்று பயந்து திரும்பிப் போனவர்கள் உண்டு. அவர் உங்களிடம் 'போதும்க்கா' என்று சொன்னதில் இதுவும் இருந்திருக்கலாம். மூன்று மாதம் தவணையைத் தள்ளிவைப்பது என்று கூட்டத்தில் தீர்மானம் போட முடிந்தால், எந்த மையமும் கொடுக்க முடியாத உதவியை நீங்கள் கொடுத்திருப்பீர்கள். தீர்மானத்தில் அவர் பெயர் வராமல் பொதுவாக எழுதுங்கள்.

பெயர் என்றதும் வாட்ஸ்அப் ஞாபகம் வருகிறது. இந்த மாதிரிச் சேதி குழு வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூட வரக் கூடாது. ஒரு ஊருக்குள் அது சுற்றிவர அரை மணி நேரம் போதும். யாரிடம் எதைச் சொல்லலாம் என்று அந்தப் பெண்ணைக் கேட்டு, அவர் சரி என்றதை மட்டும், தேவையானவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். டாக்டருக்குக் காயம் தெரிந்தால் போதும், தங்கும் முகவரி தெரிய வேண்டாம். பள்ளிக்கூட ஹெட்மாஸ்டருக்குப் பிள்ளையை யாரிடம் அனுப்பக் கூடாது என்பது தெரிந்தால் போதும். ஒருங்கிணைப்பு என்ற பெயரில் எல்லோருக்கும் எல்லாமும் சொல்லிவிடுவது பெரிய ஆபத்து.

ஊர்ப் பெரியவர்களை, கோயில் தர்மகர்த்தாவை, சபை ஐயரை (கிறிஸ்தவ சபைப் போதகரை), பங்குத்தந்தையை, ஜமாஅத்தைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று நிச்சயம் கேட்பீர்கள். எனக்கு இதில் உறுதியான ஒரே பதில் கிடையாது, ஊரைப் பொறுத்தது. நான் வைத்திருந்த வழக்கம், அவர்களைக் காவலுக்குக் கேட்பேன், தீர்ப்புக்குக் கேட்க மாட்டேன். "ஐயா, ராத்திரி அந்த வீட்டில் சத்தம் கேட்டா நீங்க போய் ஒரு குரல் கொடுக்கணும்" என்று ஒரு சபை ஐயரிடம் கேட்டேன். அவரும் ஐயரம்மாவும் எட்டு மாதம் அதைச் செய்தார்கள். அதே ஐயரை 'சேர்ந்து வாழச் சொல்லி அறிவுரை கொடுங்க' என்று கேட்டிருந்தால் அதையும் மனப்பூர்வமாகச் செய்திருப்பார், அது அந்தப் பெண்ணைத் திரும்ப உள்ளே தள்ளியிருக்கும்.

தெளிவில்லாத விஷயங்களையும் சொல்லிவிட வேண்டும். அடிக்கும் ஆண்களுக்கு வகுப்பு எடுத்தால் மாறுவார்களா என்பதில் ஆராய்ச்சி முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. துலூத் முறையைப் பின்பற்றிய ஊர்களிலேயே இப்படித்தான். குடியை நிறுத்தினால் அடியும் நின்றுவிடும் என்பார்கள். குறைந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன், நிதானத்தில் இன்னும் கணக்காக அடிக்கத் தொடங்கிய வீடுகளையும் பார்த்திருக்கிறேன். குடி நோய்க்குச் சிகிச்சை கொடுங்கள், ஆனால் அதைப் பெண்ணின் பாதுகாப்புக்கு ஈடாக வைக்காதீர்கள். ஒரு பெண் சராசரியாக ஏழு முறை திரும்பிப் போய்த்தான் விடுபடுவாள் என்று பயிற்சிகளில் ஒரு எண் சொல்வார்கள். அந்த எண்ணை நான் நம்பி யாரிடமும் சொன்னதில்லை. திரும்பிப் போவது சகஜம் என்பது மட்டும் உண்மை. தேசிய குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்திய அளவில், வன்முறைக்கு ஆளானவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேர்தான் உதவி தேடியவர்கள். உங்கள் குழுப் பெண் அந்தப் பதினான்கில் ஒருவர். உதவி தேடியதே பெரிய காரியம்.

ஒன்றியத்தில் என்ன செய்யலாம் என்றால், முதலில் உங்கள் குழுக்களின் கூட்டமைப்பிலிருந்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். வாய் கட்டுப்பாடு உள்ளவர்களாக, ஸ்டேஷனில் நிற்கக் கூச்சப்படாதவர்களாக இருக்க வேண்டும். படிப்பு இரண்டாம் பட்சம். ஒரு பெண் வந்தால் அந்த இருவரில் ஒருவர் கடைசிவரை கூடப் போவார், ஆள் மாறாது. ஒரு நோட்டு: நடந்தது என்ன, தேதி, ஏ.ஆர். எண், சி.எஸ்.ஆர். எண், அடுத்த வாய்தா. அந்தப் பெண்ணின் வாயால் ஒருமுறை சொல்லிக் கேட்டு எழுதி, வாசித்துக் காட்டி, அவர் சம்மதித்தால் அந்த நகலை அடுத்த அலுவலகத்தில் கொடுங்கள். நோட்டு ஒருவர் வீட்டில் பூட்டில் இருக்கட்டும். அப்புறம் பாதுகாப்பு அலுவலர், மகளிர் ஸ்டேஷன் ஆய்வாளர், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர், சட்டப்பணிகள் குழுவின் வக்கீல், கிராம சுகாதாரச் செவிலியர் ஆகியோரைப் பிரச்சினை எதுவும் இல்லாத ஒரு நாளில் போய்ப் பாருங்கள். ராத்திரி கூப்பிட்டால் எடுப்பீர்களா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். எங்கள் வேலையை அடிக்கடி குலைத்தது இடமாறுதல்தான். நல்ல ஆய்வாளர் ஒருவர் மாறிப் போனதும் இரண்டு வருஷ உறவு போய்விடும். புதியவர் வந்த முதல் வாரமே போய் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். பாதுகாப்பு அலுவலரிடமிருந்து பதிலே வராவிட்டால், கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில், பெண்ணின் பெயரைச் சொல்லாமல், அறிக்கைகள் தாமதமாகின்றன என்று பொதுவாக மனுக் கொடுங்கள்.

மகன் அடிக்கும் ஆச்சிகளுக்கும், கல்யாணம் பதியாமல் கூட வாழ்கிறவர்களுக்கும், அண்ணன் அடித்து விரட்டும் தங்கைக்கும் இதே சட்டம் பொருந்தும். அவர்கள் வந்தாலும் இதே நோட்டுதான்.

இப்போது உங்கள் குழுப் பெண். அவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்பதற்காகக் கோபப்பட்டுப் பேச்சை நிறுத்திவிடாதீர்கள். வீடு தேடிப் போய் விசாரிக்கவும் வேண்டாம், அது அவருக்கு அடியாக விழும். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புத்தகம் ஆகியவற்றின் ஜெராக்ஸும் ஒரு செட் துணியும் நம்பிக்கையான ஒரு வீட்டில் இருக்க ஏற்பாடு செய்யலாம். உதவி வேண்டுமென்றால் போனில் சொல்ல ஒரு சாதாரண வார்த்தையைப் பேசி வைத்துக்கொள்ளலாம். "தூள் பத்தல" என்று ஒரு பெண் எங்களிடம் சொல்வார், உடனே ஆள் போகும். இதையெல்லாம் பேச இடம் வேண்டுமே. வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு அவர் சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்து இலை வாங்க வருவார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு நீங்களும் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசையில் போய் நில்லுங்கள்.